மூச்சு வாங்கும் இடம்

சிவப்பு விளக்கு அணைவதற்கு முன்னாலேயே தேவஇரக்கத்துக்குத் தெரிந்துவிட்டது, அதே இடத்தில் மறுபடியும் ஓட்டை விழுந்திருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் திலீபன் நரைத்த தாடியைச் சொறிந்தபடி பொத்தானை அழுத்தி, ஹெட்போனுக்குள் தணிந்த குரலில், கடைசி நோட்டுக்கு நடுவில் மூச்சு எடுத்துவிட்டீர்கள் சார் என்றான், ஏதோ அவர் வேண்டுமென்றே எடுத்தது மாதிரி. வேண்டுமென்று எடுப்பாரா ஒரு மனுஷன், கோடம்பாக்கத்துச் சந்தில் பஞ்சு ஒட்டிய இந்தப் பெட்டிக்குள் காலையிலிருந்து நின்றுகொண்டு, ஏசியை அணைத்துவிட்டு, ஏசி சத்தம் மைக்கில் விழுமாம், சட்டை முதுகில் ஈரமாக ஒட்டிக்கொள்ள, ஐம்பத்தேழு வயதில் முதல் தடவையாகத் தனியாக ஒரு ரெக்கார்டு போட வந்த இடத்தில், கடைசிப் பாட்டின் கடைசி ஸ்வரத்தில், வேண்டுமென்று ஓட்டை போடுவாரா. பழக்கம். சனியன் பிடித்த பழக்கம். கோயில் பாடகர் குழுவின் பின்வரிசையில், ஆண்குரலிலேயே அடித்தட்டான பேஸ் குரலில் காலமெல்லாம் பாடியவனுக்கு மட்டும் வரக்கூடிய வியாதி இது. நீளமான ஸ்வரம் வந்தால் பக்கத்தில் நிற்கும் பொன்னுதாஸ் அண்ணன் முழங்கையால் விலாவில் ஒரு இடி இடிப்பார், நீ மூச்சு வாங்கு, நான் பிடித்துக்கொள்கிறேன் என்று அர்த்தம், இவர் வாங்கிக்கொண்டு திரும்ப ஏறியதும் அவர் வாங்குவார், கீழே உட்கார்ந்திருக்கும் சபையார் இந்த மனுஷன்களுக்கு நெஞ்சு இரும்பா என்று நினைத்துக்கொள்வார்கள். இரும்பும் இல்லை ஒன்றும் இல்லை, இரண்டு பேர் முறை வைத்துக்கொண்டு திருடுகிறார்கள், அவ்வளவுதான். இங்கே பொன்னுதாஸ் அண்ணன் இல்லை. இடதுபக்கம் சுவர்தான் இருக்கிறது. ஆனாலும் ஸ்வரம் பாதி வந்ததும் இடது விலா அந்த இடியை எதிர்பார்க்கிறது, நெஞ்சு தானாகத் திறந்துகொள்கிறது, சத்தம் அறுந்துபோகிறது.

ஒட்டிவிடலாம் சார் என்கிறான் திலீபன். முன்பாதியை இந்த டேக்கிலிருந்தும் பின்பாதியை அடுத்த டேக்கிலிருந்தும் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒட்டினால் கடவுளுக்கே தெரியாதாம். எனக்குத் தெரியுமே என்றாள் ரோசலின் டீச்சர், பியானோவிலிருந்து தலையைத் தூக்காமல், விரல் முட்டிகளில் தைலம் தேய்த்துக்கொண்டே. மூட்டுவாதம். இன்றைக்குப் பிறகு பியானோவைத் தொடுவதில்லை என்று டாக்டருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். சனிக்கிழமை சனிக்கிழமையாக இந்த ஆரியாக்களை, ஆப்பரா நாடகத்தில் ஒருத்தர் தனியாக நின்று பாடுகிற பாட்டுகளை, அவர் மண்டையில் ஏற்றியது, இத்தாலிய உச்சரிப்புக்காக நாக்கை மடக்க வைத்தது, கோயிலில் அடுத்தவன் பாட்டுக்கு முட்டுக்கொடுத்தே செத்துப்போகப் போகிறீரா என்று திட்டி இங்கே இழுத்துவந்தது எல்லாம் அவள்தான். ஆக இன்று மத்தியானம் இந்தப் பாட்டு ரெக்கார்டில் விழ வேண்டும், இல்லாவிட்டால் விழவே விழாது. ஓட்டை மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை, இன்னொன்றும் சொன்னான் திலீபன், தயங்கித் தயங்கி. "மத்ததெல்லாம் அருமை சார். இதுல ராஜா சொந்த மகனை வெட்டச் சொல்லிட்டு நிக்கிறான். நீங்க ஞானஸ்நானம் குடுக்கிற மாதிரி பாடுறீங்க." டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், திலீபனுக்குப் பின்னால் சோபாவில் உட்கார்ந்திருந்த சுகிர்தமும், இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும். ஆப்பராவில் பேஸ் குரலுக்குக் காதலி கிடைக்கமாட்டாள், அதெல்லாம் மேல்குரல்காரன் பாடு. அடிக்குரல்காரனுக்கு வாய்ப்பதெல்லாம் கிழட்டு ராஜா, பூசாரி, சிறைக்காவலன், சாத்தான், பெற்ற பிள்ளையைச் சபிக்கிற அப்பன். கோபம் வரவில்லையாம். கோபம் இருக்கிறது தம்பி, அது எங்கே கிடக்கிறது என்றும் தெரியும், மூடி போட்டு மூடியின் மேல் நானே ஏறி உட்கார்ந்திருக்கிறேன், எழுந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாது, அந்தச் சோபாவில் உட்கார்ந்திருக்கிறவளுக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. அதுதான் பயம். வேறொன்றும் பயம் இல்லை.

பாடும்போது இவ்வளவு பெரிய குரல் வைத்திருக்கிற மனுஷன் பேசும்போது மட்டும் ஏன் இப்படிக் கீச்சுக்குரலில் பேசுகிறான் என்று கேட்காத ஆள் இல்லை. டெலிபோன் இலாகாவில் புகார்ப் பிரிவில் இருந்த காலத்தில் அந்தப் பக்கத்திலிருந்து மேடம், மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள், அவரும் சொல்லுங்க என்பார், திருத்தியதில்லை. மைத்துனன் ஒருத்தன் அத்தானுக்குள்ள யானை ஒண்ணும் பூனை ஒண்ணும் இருக்கு என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்க வைப்பான், அவரும் சேர்ந்து சிரிப்பார், கீச்சென்று. தொண்டையை ஒரு விரற்கடை மேலே தூக்கிவைத்துக்கொண்டுதான் வீட்டில் பேச்சு, கடையில் பேச்சு, மகளை மடியில் வைத்துக் கொஞ்சினதுகூட அப்படித்தான். சுகிர்தத்தோடு சண்டை வந்தால் பேசவே மாட்டார், மொட்டைமாடிக்குப் போய்த் துணி காயும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நல்ல மனுஷன், குரலை உயர்த்தினதே இல்லை என்று அக்கம்பக்கத்தில் பெயர். உயர்த்தினதே இல்லையா, உயர்த்திக்கொண்டேதானே இருக்கிறேன், தாழ்த்தினதுதான் இல்லை என்று அவருக்கு மட்டும் தெரியும். சுகிர்தம் சிரித்து முடித்துவிட்டுப் பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறாள். கூடவே அந்த எவர்சில்வர் தம்ளர். அது ஒரு கூத்து, தினமும் காலையில் கண்விழித்தால் அந்தத் தம்ளர் காலியாக அவர் தலைமாட்டில் இருக்கும். தண்ணீரைக் குடித்துவிட்டு உன் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கூடாதா, கைபட்டு விழுகிறதே என்றால், சரி சரி என்பாள், மறுநாளும் அங்கேயேதான் இருக்கும். அவளாவது பயம் என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கட்டும். அவள் கைகள் தலைக்கு மேல் ஏறுவதைப் பார்க்கிற நாள் வந்தால் அன்றைக்கே செத்துவிடலாம். திலீபன் விரலைத் தூக்குகிறான், சிவப்பு விளக்கு எரிகிறது.

பியானோ இடதுகையில் தொடங்குகிறது, கீழ்க்கட்டைகளில், மெதுவாக, வெளிவாசலில் பூட்ஸைக் கழற்றாமல் உள்ளே வருகிற நடை. பாளையங்கோட்டையில் அந்த நடை தெருமுனையில் கேட்டாலே வீட்டில் அவரவர் இருந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். அப்பா, டிரில் மாஸ்டர் ஞானாபரணம். மூத்தவனுக்குத் தேவஇரக்கம், இளையவனுக்குக் கிருபாகரன், இரக்கம் என்றும் கிருபை என்றும் பெயர் வைத்துவிட்டு இரண்டையும் பெல்ட்டால் அடித்த மகராசன். இப்போது பாட ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்தாயிற்று, ராஜா சிம்மாசனத்தில் தனியாக உட்கார்ந்து என் வீட்டில் என் சொல்லுக்கு மேல் சொல்லா என்று கேட்கிறான், தணிந்துதான் கேட்கிறான், டீச்சர் இந்த இடத்தில் தணிவாக, ஆனால் விஷம் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறாள். அப்பாவும் கத்தமாட்டார். பள்ளிக்கூட மைதானத்தில் கத்துவதற்கு விசில் இருந்தது. வீட்டில் குரல் இறங்கும், ஒவ்வொரு படியாக இறங்கும், இறங்க இறங்க பெல்ட் பக்கத்தில் வருகிறது என்று அர்த்தம். பல்பு உடைந்திருக்கும், இல்லை வேதாகமத்தின் மேல் காப்பித் தம்ளரின் வட்டம் விழுந்திருக்கும், எதுவாக இருந்தால் என்ன. யாருல அது, என்று கேட்பார், தரைக்கு அடியிலிருந்து கேட்கிற மாதிரி. ஒருத்தன் நான் என்பான். பெல்ட் இறங்கும், தொடையில், முதுகில், குனிந்தால் பிடரியில். அழக் கூடாது, அழுதால் எண்ணிக்கை புதிதாக ஆரம்பிக்கும். அழாமல் வாங்க வேண்டுமென்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வாங்க வேண்டும், எவ்வளவு நேரம் பிடிக்க முடியும், பிடிக்க முடியாமல் போகிற அந்தக் கணத்தில் மற்றவன் முன்னால் வந்து அவன் இல்லப்பா, நாந்தாம்ப்பா என்பான். அப்பா திரும்புவார். அடி அந்தப் பக்கம் போகும். முதல் ஆள் சுவரோரமாக உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்வான், வாங்கிவிட்டு, அந்தப் பக்கத்தில் முகம் நீலம் பாரிக்கும்போது எழுந்துபோய் நாந்தாம்ப்பா என்பான். இரண்டு பிள்ளைகளும் பேசி வைத்துக்கொண்டதில்லை. தானாக அமைந்தது. அப்பாவுக்குத் தெரியும் என்றுதான் இப்போது படுகிறது, தெரிந்தே இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி அடித்திருக்கிறார், அதுவும் ஒரு டிரில்தானே. பிற்காலத்தில் பொன்னுதாஸ் அண்ணன் முழங்கையால் இடித்து முறை வைத்து மூச்சு வாங்குவதைச் சொல்லிக்கொடுத்தபோது, ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாயே என்று ஆச்சரியப்பட்டார். அண்ணே, எனக்கு இது தெரியும்ணே என்று மட்டும் சொன்னார் இவர்.

இப்போது பாட்டு இரண்டாம் பக்கத்துக்கு வருகிறது, சேவகன் வந்து மகன் பிடிபட்டான் என்கிற இடம், பியானோ துடிக்கிறது, டீச்சருக்கு வலிக்கும், வலியோடு அடிக்கிறாள், பாவி. விசில் தொலைந்த நாள். பித்தளை விசில், கறுப்புக் கயிறு போட்டது, அப்பாவின் கழுத்தைவிட்டு இறங்காதது, குளிக்கப் போனபோது ஆணியில் மாட்டியிருந்ததைக் கிருபா எடுத்துக்கொண்டு போய்த் தெப்பக்குளத்தில் போட்டுவிட்டான். விளையாட்டுக்குப் போட்டானா, வெறுப்பில் போட்டானா, இன்றுவரைக்கும் தெரியாது, கேட்க ஆள் இருந்தால்தானே. மத்தியானம். அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள், கஞ்சி வாடை வீடு முழுக்க. எங்கல விசில் என்றார் அப்பா, அதற்கு முன்னால் எப்போதும் இறங்காத அளவுக்கு இறங்கின குரலில். நான் என்றான் பதினேழு வயது இரக்கம். அண்ணன் அல்லவா, முதல் முறை எப்போதும் அண்ணனுக்கு. பெல்ட்டைத் திருப்பிப் பிடித்திருந்தார், பித்தளைக் கொக்கி இருக்கிற பக்கம் வெளியே. முதல் அடி காறை எலும்பில், கட்டென்று ஒரு சத்தம் உள்ளேயே கேட்டது, இரண்டாவது புருவத்தில், கண்ணுக்குள் சூடாக இறங்கியது, ஒரு கண்ணில் எல்லாம் சிவப்பாகத் தெரிந்தது, சிவப்பான அப்பா, சிவப்பான சுவர், சிவப்பான இயேசு படம். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிடித்துக்கொண்டே மனதுக்குள் கிருபா கிருபா என்றான். இன்னும் கொஞ்சம் பிடிக்கலாம், இன்னும் ஒன்று வாங்கலாம், இப்போது வருவான், இப்போது சொல்வான். கொக்கி காதில் பட்டது. பின்கட்டுத் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது, அதுகூடத் தெளிவாகக் கேட்டது, அடுப்பங்கரைக்குப் பின்னால் கோழிகள் சிறகடித்தன, யாரோ மதிலில் ஏறக் காரை உதிர்ந்தது. அவ்வளவுதான். அவன் போய்விட்டான். முறையை விட்டுவிட்டுப் போய்விட்டான். நடுவில் அந்த இடம் திறந்துகொண்டு கிடந்தது, யாரும் வராமல், மூச்சு வாங்கவும் முடியாமல், அதற்குள்ளே பெல்ட் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

எத்தனை வருஷம் ஆனால் என்ன, அந்த இடம் அப்படியே இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன்னால் யாரோ போனில் ஒரு படம் அனுப்பினார்கள், இது உங்க தம்பிதானே, மஸ்கட்டில் பார்த்தோம் என்று. அன்றைக்கு மதிலேறினதற்குப் பிறகு வீடு திரும்பாதவன், தொப்பையும் கறுப்புக் கண்ணாடியுமாக, ஒரு பெண்ணின் தோளில் கைபோட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான் கிருபா. உயிரோடு இருக்கிறானே என்று சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தப் பல் வரிசையைக் குத்தி உள்ளே தள்ள வேண்டும் என்றுதான் வந்தது, வலது கை முஷ்டி மடங்கியது, சுகிர்தம் யாருங்க என்று எட்டிப் பார்த்தபோது தெரியலை என்று கீச்சுக்குரலில் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பாவோ படுக்கையில் செத்தார், நல்ல சாவு, கஞ்சி குடித்துவிட்டு, ஜெபம் பண்ணிவிட்டு. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். ஒழுக்கத்தின் உருவம் என்று ஒரு பாதிரி ஐயர் பிரசங்கம் பண்ணினார். சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்துகொண்டு இரக்கம் பேஸ் பாடினான், பிசிறில்லாமல் பாடினான், அந்தப் பெட்டியைப் பிடுங்கி ரோட்டில் போட்டு மூடியை உடைத்து, உள்ளே இருக்கிற முகத்தை மிதிக்க வேண்டும் என்று கால் துடித்ததை யாரும் பார்க்கவில்லை. பாட்டு என்றால் அப்படித்தான், நாலு பேர் குரலோடு சேர்த்துவிட்டால் கொலைகாரன் குரலும் தேவதூதன் குரலாகக் கேட்கும். அதற்காகத்தானே பின்வரிசைக்குப் போனது, தூணுக்குப் பக்கத்தில். ஏசி இல்லாத இந்தப் பெட்டிக்குள் பின்வரிசை கிடையாது. ராஜா எழுந்துவிட்டான், வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டான், மூன்றாம் பக்கம், இனிமேல் இறக்கம்தான், ஒவ்வொரு படியாகக் கீழே போகிறது ராகம், தொண்டை தானாக மேலே ஏறப் பார்க்கிறது, ஞானஸ்நானத்துக்கு. வேண்டாம். ஏறாதே. இறங்கு. அவள் பார்த்தால் பார்க்கட்டும் என்று எப்போது நினைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை, டீச்சரின் முட்டி ஒன்று சொடுக்கியது கேட்டது, அந்தச் சத்தத்தில் நினைத்திருக்கலாம், இந்தக் கிழவி தன் விரலையே உடைத்துக்கொண்டு அடிக்கிறாள், நான் மூடியின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுந்தார்.

எழுந்ததும் வந்துவிட்டது அது. தரைக்கு அடியிலிருந்து வந்தது. ஹெட்போனுக்குள் கேட்டது அவர் குரல் இல்லை, அப்பா பாடினார், ஞானாபரணம் இத்தாலிய மொழியில் பாடினார், திலீபன் கை சட்டென்று ஒரு குமிழைத் திருகப் போனதை ஓரக்கண்ணில் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார், மூடினதும் சிவப்பு. சிவப்பான சுவர், சிவப்பான இயேசு படம். பெல்ட் வருகிறது, அன்றைக்கு அந்த அடியைக் கை காற்றிலேயே பிடித்தது, பிடித்துச் சுண்டி இழுத்தது, டிரில் மாஸ்டர் கால் இடறி முட்டிபோட்டு விழுந்தார், பெல்ட்டை அவர் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி முட்டியை முதுகில் கொடுத்து இழுத்தான் இரக்கம், நரம்பு புடைத்த அந்தக் கழுத்தில் விசில் கயிற்றின் வெள்ளைத் தழும்பைப் பார்த்தான், இழுத்தான், இனிமே கை வச்சா கொன்னுருவேன் என்று ஒரு குரல் சொன்னது, யார் சொன்னது என்று அவனே திரும்பிப் பார்த்தான், அவன்தான், அப்பாவின் அதே குரல், முதல் தடவையாக அவன் நெஞ்சுக்குள்ளிருந்து, இன்னும் ஒரு படி கீழே. அடுப்பங்கரை வாசலில் அம்மா. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்துக்கொண்டு, அப்பாவுக்கு முன்னால் எப்படிக் குறுகுவாளோ அதே மாதிரிக் குறுகிக்கொண்டு, அவனைப் பார்த்து, பெற்ற மகனைப் பார்த்து, விட்டுருங்க என்றாள். ஒங்க கால்ல விழுதேன், அடிக்காதீங்க, விட்டுருங்க. விடுல என்று சொல்லவில்லை. விட்டுருங்க. அந்த வார்த்தைக்குத்தான் கை தளர்ந்தது, அப்பா இருமிக்கொண்டு தரையில் புரண்டார், அதற்குப் பிறகு சாகிறவரைக்கும் அவர் இவனைத் தொடவில்லை, அம்மாவும் சாகிறவரைக்கும் இவனை நீ என்று சொல்லவில்லை, சாப்பிடுங்க, பார்த்துப் போங்க, ஒடம்பு எப்படி இருக்கு ஒங்களுக்கு. என்னம்மா, என்னைப் போய் என்று ஒருநாள் கீச்சுக்குரலில் அழுதுபார்த்தான். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சோற்றைப் போட்டாள். இதோ கடைசி ஸ்வரம், இறங்கியாயிற்று, அடித்தளம், இதற்குக் கீழே படி இல்லை. பிடித்தார். ஸ்வரம் பாதிக்கு வருகிறது, இடது விலா அரிக்கிறது, கிருபா, உன் முறை, தாழ்ப்பாள் விலகுகிறது, கோழிகள் சிறகடிக்கின்றன. போ. போடா நாயே, போய்த் தொலை, உன் முறையையும் நான் பாடுகிறேன். நெஞ்சு திறக்கப் பார்த்தது, திறக்க விடவில்லை, அம்மா கைகளைத் தூக்குகிறாள், விட்டுருங்க என்கிறாள், விடவில்லை அம்மா, இந்தத் தடவை விடவில்லை, இழுத்தார், கழுத்து நெரிந்தது, கால் உதைத்தது, பூட்ஸ் தரையில் தேய்ந்தது, இன்னும் இழுத்தார், காது அடைத்தது, நெற்றிப்பொட்டில் ரத்தம் இடித்தது, மூச்சைக் கடைசித் துளிவரைக்கும் அந்தக் கழுத்தில் செலவழித்தார், உதைத்துக்கொண்டிருந்த கால் நின்றது. பியானோவும் நின்றிருந்தது. சுவர்ப் பஞ்சில் அந்தச் சத்தம் போய் அடங்கியது.

கொன்றுவிட்டேன் என்று நினைத்தார். மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தார். டீச்சர் கைகளை மடியில் கவிழ்த்துவைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது, வெட்கத்தைவிட்டுச் சொன்னால் அப்பா இருந்த காலத்தில்கூட அவ்வளவு பயந்ததில்லை. பார்த்தார். திலீபன் பொத்தானை அழுத்தாமல் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் சோபா காலியாக இருந்தது. போய்விட்டாள். கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள், தெருவுக்கு இறங்கியிருப்பாள், ஆட்டோ பிடித்திருப்பாள், மகள் வீட்டுக்குப் போய்க் கைகளைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், இனிமேல் அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சோறு போடுகிற வீட்டில் எப்படி இருப்பது, எதற்கு இந்த ரெக்கார்டு, யார் கேட்டது இதை. கனமான கதவு ரப்பர் விலகிப் புஸ்ஸென்று திறந்தது. சுகிர்தம் ஃபிளாஸ்க்கும் தம்ளருமாக உள்ளே வந்தாள், தரையில் கிடந்த வயர்களைப் பார்த்துப் பார்த்துச் சேலையைத் தூக்கிக்கொண்டு தாண்டினாள். வெந்நீரை ஊற்றி ஆற்றினாள். இப்படியா வேர்க்கும் என்றாள், முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள், புருவத்துத் தழும்பின்மேல் கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அவர் தம்ளரை வாங்கவில்லை.

"பயந்துட்டியா?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் தெரிந்தது, தொண்டையை மேலே தூக்க மறந்துபோயிருக்கிறது. அந்தக் குரலிலேயே கேட்டிருக்கிறார், முதல் தடவையாக.

"எதுக்கு?"

"இந்தக் குரலுக்கு."

"இதுக்கா?" என்றாள் சுகிர்தம், தம்ளரை அவர் கையில் திணித்தபடி. "இத கல்யாணமான நாள்லருந்து கேக்கேன். தூக்கத்துல இதுலதான பேசுவீங்க. யாரையோ வைவீங்க, கைய முறுக்குவீங்க. மொத நாளு பயந்துதான் போனேன். பொறவு என்ன செய்யன்னு தெரியாம, ஒண்ணுமில்லடா, இந்தா குடின்னு தண்ணி குடுத்தேன். கண்ணத் தொறக்காமயே குடிச்சிட்டுப் படுத்துட்டீங்க. அதுலருந்து தெனமும் தண்ணி எடுத்து வச்சிருதேன்."

தலைமாட்டில் காலியாக இருக்கிற தம்ளர். கைபட்டு விழுகிறதே என்று தினமும் அவளைக் குறை சொன்ன தம்ளர். அந்தக் குரலைப் பார்த்து ஒருத்தி ஒண்ணுமில்லடா என்று சொல்லியிருக்கிறாள், இருட்டில், எத்தனையோ வருஷமாக, அதுவும் குழந்தை மாதிரி வாங்கிக் குடித்துவிட்டுத் தூங்கியிருக்கிறது. தேவஇரக்கத்துக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. ஏன் ஒருநாளும் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொன்னா தூக்கத்துலயும் தொண்டையப் பிடிச்சிக்கிட்டுல்லா கெடப்பீங்க."

குடித்தார். ஒரே மூச்சில் குடித்தார், சத்தம் கேட்கக் குடித்தார். அப்போதுதான் ஹெட்போனுக்குள் கரகரவென்று திலீபன் குரல் வந்தது, மைக் இன்னும் ஆனில்தான் இருக்கிறதாம், இவ்வளவும் பதிவாகியிருக்கிறதாம், மன்னித்துக்கொள்ளுங்கள் சார் என்றான். ஓட்டை இல்லை, ஒன்றும் இல்லை, ஆனால் வழக்கப்படி பாதுகாப்புக்கு இன்னொரு டேக் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். டீச்சர் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். "வேண்டாம் தம்பி, இதுவே இருக்கட்டும்," என்றார் தேவஇரக்கம், குரலை எங்கும் தூக்காமல். சுகிர்தம் காலித் தம்ளரை வாங்கி முந்தானையில் துடைத்து ஃபிளாஸ்க்கின் மேல் கவிழ்த்தாள்.